கேட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் மழை

கொருக்குப்பேட்டைக்காரி:
நேற்று சாயங்காலம் வடசென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். தண்டையார்பேட்டைப் பக்கம் வானம் கன்னங்கரேலென்று இருக்கிறது, என் தலைக்கு மேலே சுள்ளென்று வெயில். திருவொற்றியூர் பக்கமிருந்து வந்த சரக்கு ரயிலில் பெட்டிக்குப் பெட்டி தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. ரயில் கடந்ததும் பார்த்தால், எதிரே நிற்கிறவர்கள் அத்தனை பேரும் தொப்பலாக நனைந்திருக்கிறார்கள். என் காலடியில் புழுதிதான். வீட்டுக்கு வந்து சொன்னால் யாரும் நம்பவில்லை.

வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று எங்கள் ஆயா சொல்லுவார்கள். நாங்கள் தெருவில் இறங்கி ஆடுவோம். நல்லா பெய்யும், அரை மணியில் நின்றுவிடும். செய்தியில் சொல்வது எப்போதும் வானிலை நிலையங்கள் இருக்கிற நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழைதான். அங்கே பெய்யாவிட்டால் சென்னையிலேயே மழை இல்லை என்கிற மாதிரி இருக்கும். எனக்கு அப்போதே ஆத்திரமாக வரும், எங்கள் தெரு நனைந்தது மழை இல்லையா?

1996 ஜூன் வேறு கதை. ஊர் முழுக்க நாள்கணக்கில் ஊற்றியது. பள்ளிக்கூடம் திறந்த நேரம், யூனிஃபார்ம் காயவே இல்லை. ஆயா கரிப்பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே ஈரத்தை எடுத்தார்கள், சட்டையில் ஆவி பறக்கும். அந்தச் சூட்டோடு மாட்டிக்கொண்டு ஓடுவேன். அது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் கேட்பது இந்தத் துண்டு மழையைப் பற்றி. இது புதுசா, இல்லை அப்போதும் இப்படித்தானா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வானம் பார்க்கிறவன்:
பழசுதான் அக்கா. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊருக்குப் பகலில் மேற்குக் காற்று. மத்தியானம் தரை கொதித்ததும் கடல் காற்று உள்ளே வரும். இரண்டும் முட்டுகிற இடத்தில் காற்று மேலே எழும்பி இடிமேகம் கட்டும். ஒரு தனி மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான், அதன் விளிம்பு உங்கள் கேட்டில் விழுந்திருக்கிறது. கடல் காற்று சீக்கிரம் வந்துவிட்டால் அந்த முட்டல் உள்ளே நகர்ந்து, மழை திருவள்ளூர் பக்கம் போய்விடும். ஐப்பசி மழை அப்படி இல்லை, அது வங்கக்கடலிலிருந்து வருவது.

சின்ன மேகம்தானே என்று விடவும் முடியாது. 2025 ஆகஸ்ட் 30 ராத்திரி நகரத்தின் வடக்கே மணலியில் 27 செ.மீ. கொட்டியது. நகரத்தின் தெற்கே அந்த அளவுக்கு இல்லை. துறைமுகத்தில் 2002-இல் புதுவகை (டாப்ளர்) ரேடார் வந்த பிறகு எந்தப் பேட்டைக்கு மேலே மேகம் நிற்கிறது என்று படமாகவே பார்க்க முடிகிறது. அதற்கு முன்னால் பெய்ததெல்லாம் உங்களைப் போன்றவர்கள் ஞாபகத்தில்தான்.

காசிமேட்டுப் பிள்ளை:
எங்களுக்கு அந்த அரை மணி மழைதான் பெரிய பயம். அம்மாவும் சித்தியும் மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப் போட்டிருப்பார்கள். முக்கால் காய்ச்சலில் நாலு தூறல் விழுந்தாலும் நாற்றம் எடுத்துவிடும், பாதி விலைக்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள். கச்சான் (மேற்குக் காற்று) அடித்துக்கொண்டே இருந்து சட்டென்று நின்றால் அப்பா மேற்கே திரும்பிப் பார்ப்பார். "மேக்கால இருட்டுது, தூக்குங்க" என்று ஒரு சத்தம். ஆளுக்கு ஒரு மூலை பிடித்து வலையோடு சுருட்டிக்கொண்டு ஓடுவோம். சில நாள் ராயபுரத்தோடு நின்றுவிடும், எங்களுக்கு ஒரு சொட்டு வராது. மறுபடி விரிக்க வேண்டும். அலுத்துக்கொண்டதே இல்லை அம்மா. துண்டு மழை புதுசு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

கொருக்குப்பேட்டைக்காரி:
நெத்திலி விஷயம் படித்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி. இனி எங்கள் தெரு மழையை நானே எழுதி வைக்கப்போகிறேன். எப்படி அளப்பது?

வானம் பார்க்கிறவன்:
அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக இருக்கிற டப்பா போதும். மொட்டைமாடியில் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத இடமாக வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மி.மீ. என்று பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையின் ஒருநாள் கணக்கு முடிவதும் அதே நேரம்தான், ஒப்பிட்டுப் பார்க்க வசதி.