வைப்பர் மோட்டார் சிம் சீட்: வளைவில் மட்டும் பவர் கட் ஆகிறது

அரியாங்குப்பம் கியர்பாக்ஸ்:
கார் ரேஸ் சிமுலேட்டருக்கு வீட்டிலேயே ஓர் அசையும் சீட் செய்திருக்கிறேன். காயலான் கடையில் எடுத்த இரண்டு கார் வைப்பர் மோட்டார்கள். சீட்டுக்கு அடியில், நடுவில், எந்தப் பக்கமும் சாய விடும் மூட்டாக ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ். பின் மூலை இரண்டிலும் மோட்டாரிலிருந்து ஒரு ராட். இரண்டும் சேர்ந்து தூக்கினால் சீட் முன்னால் சாயும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் பக்கவாட்டில் சாயும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் எஸ்.எம்.சி-3 புரோகிராம், மோட்டாரை இரு பக்கமும் சுற்ற வைக்கும் இரண்டு ஐ.பி.டி-2 டிரைவர், விளையாட்டில் கார் அசைவதை அதற்குச் சொல்ல கம்ப்யூட்டரில் சிம்டூல்ஸ், மோட்டார் நிற்கும் கோணத்தைச் சொல்ல 10 கே பொட்டென்ஷியோமீட்டர், வீட்டு கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் 12 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் பெட்டி.

ஒரு மோட்டாரின் ஒயரைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மட்டும் ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. எதைக் கழற்றினாலும் அப்படித்தான். இரண்டையும் மாட்டினால் கதை மாறுகிறது. பிரேக் பிடித்தால் ஒழுங்காக முன்னால் சாய்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சில நேரம் உதறுகிறது. வளைவில் திரும்பினால் உடனே எஸ்.எம்.பி.எஸ் கட் ஆகிவிடுகிறது. ஆள் உட்காராவிட்டாலும் இதே நிலைதான். என்ன பார்க்கலாம்?

லாஸ்பேட்டை லேப்டைம்:
பார்க்க வேண்டியது ஒன்றுதான் ப்ரோ. இரும்பை எடைக்குப் போட்டுவிட்டு அந்தக் காசில், கால் அழுத்தத்தையே அளக்கும் லோட் செல் பிரேக் பெடல் வாங்குங்கள்.

கணக்கைச் சொல்கிறேன். சாதாரணக் காரில் முழு பிரேக் பிடித்தாலே கிட்டத்தட்ட 1 ஜி, அதாவது உடம்பின் எடை அளவுக்கே ஒரு தள்ளு. உங்கள் சீட் 10 டிகிரி சாய்ந்தால் உடம்புக்குக் கிடைப்பது 0.17 ஜி. 15 டிகிரி சாய்த்தாலும் 0.26தான். வைப்பர் மோட்டார் நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்துக்கொண்டாலும், 4 செ.மீ. கிராங்க்கில் ராட் நகரும் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 25 செ.மீ. அதுவும் சீட் காலியாக இருக்கும்போது. ஆள் உட்கார்ந்தால் அதுவும் இருக்காது. இதை வைத்து ஒரு விநாடிகூட வேகமாக ஓட்ட முடியாது.

முத்தியால்பேட்டை வேகம்:
லேப்டைம் அண்ணே, எல்லோரும் விநாடிக்காக விளையாடுவதில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: பின் டயர் நழுவுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் இடுப்புக்குத் தெரியும். அசையாத சீட்டில் அது துளியும் கிடையாது. 1 ஜி வேண்டாம், அது வரத் தொடங்கும் அந்த முதல் அசைவு போதும், மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டரும் இதே வித்தையைத்தான் செய்கிறது. முதலில் ஒரு தள்ளு, பிறகு மெதுவாகச் சாய்த்து வைத்துப் புவியீர்ப்பையே வேகமெடுப்பாக நம்ப வைக்கிறது.

முதலியார்பேட்டை சர்க்யூட்:
சண்டை அப்புறம். இது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரம் என்று நினைக்கிறேன். வேகமாகச் சுற்றும் மோட்டாரைத் திடீரென நிறுத்தித் திருப்பினால் அது கொஞ்ச நேரம் ஜெனரேட்டராக மாறும். 12 வோல்ட் லைனில் வோல்டேஜ் ஏறும், எஸ்.எம்.பி.எஸ் பயந்து தன்னை மூடிக்கொள்ளும். வீட்டில் கார் பேட்டரி இருந்தால் எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றிவிட்டு அதில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி அதை விழுங்கிவிடும். கட் ஆகவில்லை என்றால் காரணம் இதுதான்.

மஞ்சக்குப்பம் எலக்ட்ரீஷியன்:
தம்பி, பேட்டரியை மட்டும் மாட்டிவிடாதே. எஸ்.எம்.பி.எஸ் கட் ஆவது உனக்குக் காவல். பேட்டரி கட் ஆகாது, நூறு ஆம்பியரும் கொடுக்கும். டிரைவர் புகையும், ஒயர் உருகும்.

சர்க்யூட் சொல்லும் கோளாறு உண்டுதான், ஆனால் அது பிரேக்கிலும் வர வேண்டுமே? தனித்தனியாக ஓட்டினால் நலம், சேர்ந்து ஒரே பக்கம் சுற்றினால் பரவாயில்லை, எதிரெதிராகச் சுற்றினால் சாவு. இது பாடி எர்த்.

பல கார் வைப்பர் மோட்டாரில், உள்ளே சுற்றும் பகுதியைத் தொட்டு கரண்ட் கடத்தும் பிரஷ்களில் மைனஸ் பிரஷ் மோட்டார் பாடியிலேயே இணைந்திருக்கும். காரில் பாடி முழுக்க மைனஸ் என்பதால் அங்கே அது சரி. நீ இங்கே டிரைவர் வைத்துத் திருப்புகிறாய். ஒரு மோட்டாரின் பாடியில் 12 வோல்ட் ஏறும் நேரத்தில், மற்றதன் பாடி பூஜ்யத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே இரும்பு ஃபிரேமில் போல்ட் போட்டிருப்பாய். சீட் ஃபிரேமே ஷார்ட் சர்க்யூட். ஆக்சிலரேட்டரில் இரண்டு பாடிக்கும் 12 வோல்ட் வருகிறது, ஆனால் இரண்டு டிரைவரும் ஒரே நொடியில் ஆன் ஆஃப் ஆவதில்லை, அதனால் உதறல்.

பவரை அணைத்து, டிரைவரிலிருந்து ஒயர்களைக் கழற்று. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வை. ஒரு முனை மோட்டார் பாடியில் (பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு), மறுமுனை ஒவ்வொரு ஒயரிலும். கத்தினால் பதில் கிடைத்தது.

அரியாங்குப்பம் கியர்பாக்ஸ்:
அண்ணே, இரண்டு மோட்டாரும் கத்துகிறது! மோட்டாருக்கு அடியில் கரண்ட் கடத்தாத ஹைலம் ஷீட் வைத்து, போல்ட்டுக்கு நைலான் வாஷர் போட்டால் போதுமா?

முதலியார்பேட்டை சர்க்யூட்:
எதிரெதிராகச் சுற்றும்போது மட்டும் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும், மஞ்சக்குப்பத்தாருக்கு ஒரு சல்யூட். ஆனால் ஹைலம் போதாது. மோட்டார் ஷாஃப்ட் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஷாஃப்ட்டில் கிராங்க், கிராங்க்கில் ராட், ராட் சீட்டில், சீட்டிலிருந்து அடுத்த ராட் வழியாக அடுத்த மோட்டார். கீழே அடைத்தால் மேலே வழி திறந்திருக்கும்.

மஞ்சக்குப்பம் எலக்ட்ரீஷியன்:
சரியாகச் சொன்னார். மோட்டாரைத்தான் திறக்க வேண்டும். பாடியோடு சேரும் பிரஷ் ஒயரை வெட்டி, அதில் தடிமனான ஒயர் பற்றவைத்து, ரப்பர் குரோமெட் போட்டு வெளியே எடு. கண்ணாடி நடுவில் நிற்காமல் வைப்பரை ஓரத்துக்குக் கொண்டுபோகும் பார்க் சுவிட்ச் ஒன்று கியர் மூடிக்குள் இருக்கும், அதுவும் பாடியைத் தொடும், அதையும் துண்டித்துவிடு. மூடிய பிறகு மறுபடி மீட்டர் வை. எந்த ஒயரும் பாடியோடு கத்தக் கூடாது. அதன் பிறகு ஃபிரேமை வீட்டு எர்த்தில் இணை, 230 வோல்ட் பெட்டி அதில்தானே உட்கார்ந்திருக்கிறது.

லாஸ்பேட்டை லேப்டைம்:
கோளாறு கண்டுபிடித்ததற்குக் கை தட்டுகிறேன். என் கேள்வி அப்படியே இருக்கிறது. வேகம் தம்பி, பின் டயர் நழுவுவது இடுப்புக்குத் தெரியும் என்றீர்கள். நழுவுவது என்றால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் போவது. இந்தச் சீட் முன்பின் சாயும், இடவலம் சாயும். பின்பக்கம் ஓடுவதைக் காட்ட மூன்றாவது மோட்டாரும் தண்டவாளமும் வேண்டும். அது இல்லாமல் இடுப்புக்கு என்ன தெரியப்போகிறது?

இன்னொன்று. ஸ்டீயரிங்கும் பெடலும் தரையில் அசையாமல் நிற்கின்றன, சீட் மட்டும் அசைகிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் காலுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் மாறினால் ஒரே அழுத்தத்தை எப்படித் திரும்பக் கொடுப்பது?

முத்தியால்பேட்டை வேகம்:
மூன்றாவது மோட்டார் விஷயம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கார் வளைவில் சாய்வதும், பிடி விட்டதும் அந்தச் சாய்வு சட்டென்று குறைவதும் இந்த இரண்டிலேயே வரும். அதுவும் ஒரு சேதிதான்.

பெடல் தூரத்துக்கு வழி, எல்லாவற்றையும் ஒரே ஃபிரேமில் ஏற்றி மொத்தமாக அசைப்பது.

லாஸ்பேட்டை லேப்டைம்:
ஏற்றினால் எடை கூடும், எடை கூடினால் வைப்பர் மோட்டார் இழுக்காது. பிறகு சர்வோ மோட்டார், பால் ஸ்க்ரூ, விலை எங்கேயோ போகும். நான் முதலில் சொன்னதற்கே வந்து நிற்கிறீர்கள்.

கடலூர் ஓ.டி. நங்கூரம்:
நடுவில் நுழைகிறேன். ஆறு கால் வைத்த மேடை என்றால் எல்லோரும் விமான சிமுலேட்டரைச் சொல்கிறார்கள், 1965இல் ஸ்டூவர்ட் எழுதிய கட்டுரையால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே 1950களில் டன்லப்பில் காஃப் அதே அமைப்பை டயர் சோதிக்கத்தான் கட்டினார். ரேஸ்காரர்கள் தாராளமாக உரிமை கொண்டாடலாம்.

கியர்பாக்ஸ், ஒரு எச்சரிக்கை. அரியாங்குப்பத்திலும் கடல் காற்றுதான். திறந்த பொட்டென்ஷியோமீட்டர் உப்பில் கரகரக்கத் தொடங்கும், சீட் நடு இடத்தில் நடுங்கும். நீங்கள் எஸ்.எம்.சியில் எண்களை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். இப்போதே தொடாமல் வேலை செய்யும் ஹால் சென்சாருக்கு மாறுங்கள். சென்சார் ஒயரை மோட்டார் ஒயரோடு கட்டி இழுக்காதீர்கள்.

மஞ்சக்குப்பம் எலக்ட்ரீஷியன்:
சென்சார் ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா தம்பி? கண்ட்ரோலருக்குச் சீட் எங்கே நிற்கிறது என்று தெரியாது, மோட்டார் முழு பலத்தில் ஒரு பக்கம் ஓடும். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிவப்பு சுவிட்ச் வை. அது 12 வோல்ட் லைனை வெட்ட வேண்டும், யு.எஸ்.பியை அல்ல. வீட்டு லைட் சுவிட்ச் வேண்டாம், டி.சி. கரண்ட்டில் முனை ஒட்டிக்கொள்ளும். லாரிக்குப் போடும் பேட்டரி கட்-ஆஃப் வாங்கு.

அரியாங்குப்பம் கியர்பாக்ஸ்:
ஒரு மோட்டாரைத் திறந்து, பிரஷ் ஒயரைப் பாடியிலிருந்து பிரித்துவிட்டேன். அது இப்போது கத்தவில்லை. ஒன்றைப் பிரித்தாலே ஷார்ட் வழி அறுந்துவிடுவதால் வளைவில் கட் ஆகவில்லை. இருந்தாலும் இரண்டாவதையும் பிரித்த பிறகுதான் உட்காரப் போகிறேன். கட்-ஆஃப் இல்லாமல் ஓட்டப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் தேடுகிறேன்.

லேப்டைம் அண்ணே, பெடல் தூரம் மாறுவது நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. முன்பின் சாய்வைப் பாதியாகக் குறைத்து, பக்கவாட்டுச் சாய்வை மட்டும் முழுதாக விடலாம் என்று யோசிக்கிறேன்.

லாஸ்பேட்டை லேப்டைம்:
பாதி வேண்டாம், முன்பின் சாய்வை முழுக்க அணைத்துவிட்டு ஒரே டிராக்கில் பத்து சுற்று ஓட்டு. பிறகு சீட்டையே அணைத்துவிட்டு இன்னொரு பத்து. இரண்டு நேரத்தையும் இங்கே போடு, பேசலாம்.

முத்தியால்பேட்டை வேகம்:
போடு கியர்பாக்ஸ். ஆனால் எந்தப் பத்துச் சுற்று முடிந்ததும் இறங்க மனம் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுது.