பட்டை தீட்டாத வைரம்னு கையில வந்த கல்லு – உங்க அனுபவத்தச் சொல்லுங்க

கோட்டாறுகாரன்: நகைக்கடையில கல்லு பாக்குற வேல எனக்கு. குளச்சல் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தரு, ஆப்பிரிக்கா போற கப்பல்ல வேல பாத்தவரு, பஞ்சுல பொதிஞ்சு ரெண்டு கல்லு கொண்டுவந்தாரு. ஒண்ணு பளபளன்னு இருந்துச்சு, இன்னொண்ணு மங்கிப்போயி எண்ணெ தடவுன கற்கண்டு கணக்கா. அவருக்கு நம்பிக்கை பூரா பளபளப்பு மேலதான், கண்ணாடிய கீறுது பாருங்க தம்பின்னு கீறியே காட்டுனாரு. கண்ணாடிய குவார்ட்ஸ் கல்லும் கீறும் அண்ணாச்சின்னு சொல்லிட்டு தராசுல வச்சேன். முதல்ல சும்மா எடை, அப்புறம் நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை, தண்ணியில எவ்வளவு குறையுதோ அத வச்சு முதல் எடைய வகுத்தா வைரத்துக்கு 3.52 கிட்ட வரணும். பளபளப்புக்கு வந்தது 2.65, குவார்ட்ஸேதான். மங்குன கல்லுக்கு 3.5 வந்துச்சு, ஆனா டோபாஸ்ங்கிற வேற கல்லும் அங்கதான் நிக்கும், அதனால லென்ஸ எடுத்தேன். எட்டு முகத்துலயும் குட்டி குட்டி முக்கோணக் குழி, முகத்தோட முக்கோணம் ஒரு பக்கம் பாத்தா குழி அதுக்குத் தலகீழா, வைரத்தோட அடையாளம் அது! மனசு துள்ளிருச்சு மக்கா. கல்லுல சூடு எவ்வளவு வேகமா பரவுதுன்னு பாக்குற டெஸ்டர் பேனாவும் வைரம்னுச்சு. பேனாவ மட்டும் நம்பிராதிய, வைரம் மாதிரியே இருக்க மொய்சனைட்டுக்கும் அது கத்தும்.

விலைதான் வேற கதை. நல்ல எட்டு முகக் கல்லுலயே பட்டை தீட்டுனா பாதிக்குப் பாதி தூளாப் போயிரும். இதுல கறுப்புப் புள்ளி நட்டநடுவுல, அங்கருந்து ஒரு விரிசல் வேற. ஓரத்துல இருந்திருந்தா அறுக்கும்போதே கழிஞ்சிருக்கும். அதுக்கும் மேல, வெளிநாட்டுல இருந்து பட்டை தீட்டாத வைரத்த கிம்பர்லி சர்டிபிகேட், அதாவது கலகக்காரங்க சண்டைக்கு காசு சேக்க வித்த கல்லு இல்லன்னு அரசாங்கம் குடுக்குற சான்று, இல்லாம கொண்டுவரக் கூடாது, 2003லருந்து அதான் சட்டம். அவர்கிட்ட துண்டுச்சீட்டு கூட இல்ல, நாங்க வாங்கல.

மணவாளக்குறிச்சி: எங்கூர்ல கரையில மின்னுறத எல்லாம் வைரம்னு பெறக்கிட்டு வருவாவ. இங்க மணல்ல கிடக்கது இல்மனைட்டு, சிர்கான், கார்னெட்டு, எல்லாம் பொடிமணல்தான். இன்னொரு விஷயம், வைரம்னா சுத்தியலுக்கு ஒடையாதுன்னு நம்பி யாரும் அடிச்சுப் பாக்காதிய. கீறல் விழாதே தவிர ஒரே அடியில பொளந்துரும், நெசமான கல்லுன்னா காசு பூரா அங்கயே போச்சு.

மார்த்தாண்டம் பட்டாளத்துக்காரன்: மத்தியப் பிரதேசத்துல இருந்தப்ப அங்க வைரம் கிடைக்குற பன்னாவுக்குப் போயிருக்கேன். கவர்மெண்ட்கிட்ட சின்னதா ஒரு நிலத்துண்ட குத்தகைக்கு எடுத்து, தோண்டி, சரளைய கழுவி தேடுவாங்க. கிடச்ச கல்ல அங்க உள்ள வைர ஆபீஸ்லதான் ஒப்படைக்கணும். எடை போட்டு, தரம் பாத்து, ஏலம் விட்டு, அரசாங்கப் பங்கான ராயல்டிய கழிச்சிட்டு மிச்சத்த எடுத்தவருக்குக் குடுப்பாங்க. வியாபாரிங்க ஏலத்துக்கு முன்னாடி ஒவ்வொரு கல்லையும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாப்பாங்க, எந்தப் பக்கம் அறுத்தா எவ்வளவு தேறும்னு அப்பவே கணக்கு ஓடும்.