எப்பிங் காட்டில் காளான் நடை

கவிதா: [படங்கள்] லண்டனை ஒட்டியுள்ள எப்பிங் காட்டில் இன்று காளான் நடை. இங்கே பறிக்கத் தடை. வழிகாட்டி சின்னக் கண்ணாடியைக் காளான் குடைக்கு அடியில் நீட்டிக் காட்டினார்.

சித்தி: பறிக்காமல் எதற்குடி அவ்வளவு தூரம் 😄

கவிதா: அடையாளம் பழகத்தான் சித்தி. முதலில் பக்கத்து மரத்தைப் பார், அப்புறம் காளானைப் பார் என்கிறார்.

அருண்: சிவப்பில் வெள்ளைப் புள்ளி, கார்ட்டூன் காளான்!

கவிதா: ஃப்ளை அகாரிக். பிர்ச் மரத்தடியில் இருந்தது. பலத்த மழையில் புள்ளி கழுவிக்கொண்டு போய்விடும், அதை மட்டும் நம்பக்கூடாது.

சித்தி: அந்த வெள்ளை மொட்டு நம் வைக்கோல் காளான்தானே?

கவிதா: அதுதான் டெத் கேப்! ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா, அமெரிக்கா போனவர்கள் வைக்கோல் காளான் என்று நினைத்துச் சமைத்து இறந்திருக்கிறார்கள்.

செல்வம் மாமா: வேகவைத்தால் விஷம் போகாதா? பூச்சி அரித்தது நல்ல காளான் என்பார்களே.

கவிதா: இரண்டுமே தப்பு மாமா. நத்தை அதைத் தின்றுவிட்டுச் சும்மா போகும், நமக்குக் கல்லீரல் போகும். வேகவைத்தாலும் விஷம் அப்படியே இருக்கும். சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும்வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அது நின்று, சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

செல்வம் மாமா: எப்படித்தான் பிரித்துப் பார்ப்பது?

கவிதா: அடியில் முட்டை ஓடு மாதிரி உறை இரண்டுக்குமே உண்டு, அதுதான் வம்பு. விரிந்த டெத் கேப்பின் தண்டில் வளையம் இருக்கும், வைக்கோல் காளானில் இருக்காது. குடையைக் காகிதத்தில் கவிழ்த்து, டம்ளரால் மூடி, ராத்திரி முழுக்க வைத்தால் வித்துத் தூள் படியும். வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, டெத் கேப்புக்கு வெள்ளை. மொட்டாக இருந்தால் இந்தச் சோதனையும் நடக்காது.

அம்மா: புற்றுக்காளானை ஆத்தா தோண்டித்தான் எடுப்பாள். தண்டு வேர் மாதிரி நீண்டு கறையான் புற்றுக்குள் போகவேண்டும். இல்லாவிட்டால் தொடமாட்டாள்.

கவிதா: அதேதான் அம்மா! மேலோடு அறுத்தால் உறை மண்ணிலேயே நின்றுவிடும். அதனால்தான் இவரும் சருகை விலக்கி அடிவரை காட்டினார்.

அருண்: போனில் ஆப் இருக்கிறதே அக்கா?

கவிதா: பெயர் ஊகிக்க வைத்துக்கொள். அதை நம்பிச் சட்டி வைக்காதே.

சித்தி: கடைசிப் படம் கரிக்கட்டையா?

கவிதா: அதுவும் காளான்தான் சித்தி, கிங் ஆல்ஃபிரட்ஸ் கேக்ஸ். பட்டுப்போன ஆஷ் மரத்தில் வரும். காய்ந்ததில் நெருப்பு வைத்தால் கங்கு மாதிரி மெதுவாகக் கனியும்.

செல்வம் மாமா: அப்போ அடுப்புக்காவது ஆகும் 👍