இலைக்குத் தெளித்தால் வேர் சோம்பேறி ஆகிவிடுமா?

புதினாப்பிரியன்:
வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ஜன்னலோரம் டப்பாவில் மண்ணில்லாமல் புதினா வளர்க்கிறேன். ஒரு மாதம் தளதளவென்று இருந்தது, இப்போது கொழுந்து மட்டும் மஞ்சள், நரம்பு பச்சையாகவே நிற்கிறது, பழைய இலைகளுக்கு ஒன்றுமில்லை. டப்பாவில் இருக்கும் அதே உரக் கரைசலை மத்தியானம் இலைமேல் தெளித்தேன், ஓரமெல்லாம் கருகிவிட்டது. கரைசலின் பிஎச் (அமில, கார அளவு) 7.4. தொடர்ந்து தெளிக்கலாமா? இலை வழியாகவே சாப்பாடு கிடைத்தால் வேர் சோம்பேறி ஆகிவிடாதா?

வேர்க்காரன்:
முதலில் பிஎச்சை இறக்குங்கள் அண்ணே. நீங்கள் சொல்வது பெரும்பாலும் இரும்புக் குறை, மெக்னீசியம் என்றால் பழைய இலையில்தான் தொடங்கும். சாதாரண உரத்தில் வரும் ஈடிடிஏ இரும்பு (கரைசலில் கரைந்தே இருக்கும்படி ஈடிடிஏ என்ற பொருளோடு பிணைத்த இரும்பு), பிஎச் 6.5 தாண்டினால் நிலைக்காது, டப்பாவில் இரும்பு இருக்கும், செடிக்குக் கிடைக்காது. 6 பக்கம் வைத்திருங்கள். நானும் ஒருமுறை இரும்பைத் தெளித்துப் பார்த்தேன்: சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் பச்சைப் புள்ளி, அடுத்து வந்த கொழுந்து பழையபடி மஞ்சள். இரும்பு இலைவிட்டு இலை லேசில் நகராது. சோம்பேறி விஷயம் முழுப் பொய்யில்லை, இலைக்கு இரும்பு கிடைத்தால் வேரின் தேடல் கொஞ்சம் தணியும், ஆனால் எப்போதாவது தெளிப்பதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

கொத்தமல்லி அக்கா:
மத்தியானமா? ஐயோ! தண்ணீர் சட்டென்று காய்ந்து உப்பு மட்டும் இலையில் நிற்கும், அதுதான் கருகல். தெளித்தே ஆகவேண்டுமென்றால் விடிகாலையில், கரைசலை நன்றாக நீர்க்கவிட்டு, இலையின் அடிப்பக்கமும் படும்படி. நம் ஊர் ஈரப்பதத்தில் சொட்டு சீக்கிரம் காயாது, உள்ளே இறங்க நேரம் கிடைக்கும், ஆனால் ராத்திரி தெளித்தால் அதே ஈரம் பூஞ்சையைக் கூட்டிவரும். கொழுந்து நுனி கருகினால் அது கால்சியம் குறை, அதற்குத் தெளிப்பான் வேண்டாம், சின்ன விசிறி போதும். இலை நீரை ஆவியாக்கினால்தான் கால்சியம் வேரிலிருந்து மேலே ஏறும். அப்புறம், டப்பா மூடியில் இடைவெளி விடாதீர்கள், கொசுப் புழு வந்தால் அபராதம் வேறு.

புதினாப்பிரியன்:
சரி அக்கா. இப்போதுதான் வேரைத் தூக்கிப் பார்த்தேன், நுனி பழுப்பு, தொட்டால் வழவழப்பு. தண்ணீர் 30 டிகிரி. காற்று மோட்டார் இல்லை.

வேர்க்காரன்:
அங்கேதான் கோளாறே! 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30இல் 7.5தான். வேர் மூச்சுத் திணறினால் பிஎச் சரியாக இருந்தும் இரும்பு ஏறாது. அழுகிய வேரை வெட்டிவிட்டு, கரைசலை மாற்றி, மோட்டார் போடுங்கள். தண்ணீர் சூடேறாமல் இருக்க டப்பாவைச் சுற்றி அலுமினியத் தாள் ஒட்டுங்கள். மஞ்சளான இலை பச்சையாகுமா என்று பார்க்காதீர்கள், புதுக் கொழுந்தைப் பாருங்கள்.