தேய்நகை: பழகிய துணுக்குகளுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்ப் படத்துணுக்குகளிலும் வார இதழ்ச் சிரிப்புத் துணுக்குகளிலும் திரும்பத் திரும்ப வந்து, காலம் மாறிய பின்னும் விடாமல் தொடரும் நகைச்சுவைச் சூழலுக்கு என்ன பெயரிடலாம் என்ற இந்த இழையில், 'மொக்கை', 'அறுவை', 'புளித்த நகைச்சுவை' ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. முதல் இரண்டும் கேட்பவரின் சலிப்பைச் சொல்கின்றனவே அன்றித் துணுக்கின் வகையைச் சொல்லவில்லை. நேற்று எழுதிய புத்தம் புதிய துணுக்கும் மொக்கையாக இருக்கலாம். மூன்றாவது, கெட்டுப்போனது என்ற பொருளைத் தருகிறது. புளி மண்டிகள் உள்ள மாவட்டத்திலிருந்து எழுதும் நான் புளிப்பைக் குறையாக ஒப்புக்கொள்வதற்கில்லை என்பது வேறு.

என் பரிந்துரை 'தேய்நகை'. நாட்காட்டியில் தேய்பிறையைப் பார்த்துப் பழகிய எவருக்கும் இது விளங்கும். வினைத்தொகை ஆதலால் தேய்ந்த நகை, தேய்கின்ற நகை, தேயும் நகை என மூன்று காலமும் இதில் அடங்குகின்றன; நமக்கு வேண்டியதும் அதுதான். மேலாளர்–ஸ்டெனோ (சுருக்கெழுத்தர்) துணுக்கு, அந்தப் பணியே அருகியதால் தேய்ந்துவிட்டது. பூரிக்கட்டை அடி இன்னும் தேய்ந்துகொண்டிருக்கிறது. 1913இல் அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கிய 'பிரிங்கிங் அப் ஃபாதர்' படத்துணுக்குத் தொடரிலேயே மனைவி கையில் உருட்டுக்கட்டை இருந்தது. 1957இல் இங்கிலாந்தின் 'டெய்லி மிரர்' இதழில் வந்த ஆன்டி கேப் என்ற படத்துணுக்கு நாயகனின் மனைவியும் அதைத்தான் ஏந்தினார். போர் என்றதும் பதுங்குகுழி தேடும் நம் மன்னரோ தேய்ந்து மறுபடி வளர்கிறார்: ஓலைக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது, மன்னர் இரண்டு நீலக்குறி விழாமல் பார்த்துக்கொள்கிறார். பாலக்கோட்டில் முடிதிருத்தும் கடையில் முறைக்காகக் காத்திருக்கும்போது, அட்டை கிழிந்த வார இதழில் அவரைக் கண்டால், முடிவு தெரிந்திருந்தும், தெரிந்திருப்பதாலேயே, எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இகழ்ச்சி தொனிக்கும் சொல்லை நான் தவிர்ப்பதற்கு அந்தச் சிரிப்பே காரணம்.

நகை என்றால் மக்கள் ஆபரணத்தைத்தான் நினைப்பார்கள் என்ற மறுப்பு எழும். உண்மைதான், தருமபுரிக் கடைவீதியில் இச்சொல்லைச் சொன்னால் எந்த அடகுக்கடை என்று கேட்பார்கள். நகைச்சுவைக்கான கலைச்சொல்லே ஒரு சிலேடையாக அமைவதை நான் பேறாகக் கருதுகிறேன். தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்வதால், இப்பொருளில் அச்சொல்லுக்கு உரிமையும் உண்டு.

சிலேடையையும் கடி ஜோக்கையும் இதே தலைப்பில் அடக்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை. தேய்நகை சமூகச் சூழலைப் பற்றி நிற்பது. சிலேடை சொல்லைப் பற்றி நிற்பது. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடக்கியது இன்றும் சுவைக்கிறது, ஏனெனில் 'ஆடுதல்' என்ற சொல் பாம்புக்கும் எள்ளை ஆட்டும் செக்குக்கும் இன்றும் பொருந்துகிறது. ஓசூர்ப் பக்கம் கன்னடர் ஒருவர் 'சாகு', அதாவது போதும், என்று சொல்ல, கடைப் பையன் சாக்கை எடுத்து வந்து நிற்பது எந்தத் தலைமுறையிலும் நடக்கக்கூடியது. அதற்குத் தேய்மானம் கிடையாது.

நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க என் வரையறை: தேய்நகை – பலரும் பலகாலம் எடுத்தாண்டதால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்ட, அடிப்படைச் சூழல் வழக்கொழிந்த அல்லது ஒழிந்துவரும் நகைச்சுவை அமைப்பு.

'செய்ந்நன்றி' போலத் 'தேய்ந்நகை' என எழுத வேண்டாமா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். நன்னூல் அந்த நகர ஒற்று மிகுதியைக் குறிலை அடுத்த யகர ஒற்றுக்கே சொல்கிறது. 'தே' நெடில் ஆதலால் ஒரு நகரமே போதும்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து ஓர் உறுப்பினர்