முல்லைத்தீவில் 10 தொன் ஐஸ் ஆலை: கொழும்பிலிருந்து முதலிட முன் எதைப் பார்க்கவேண்டும்?

வெள்ளவத்தை_44:
முல்லைத்தீவுக் கரையில் நாளுக்கு 10 தொன் கட்டி ஐஸ் போடும் ஆலை ஒன்று அமைக்க யோசனை. பங்காளிகள் மூவர்: இருவர் கொழும்பில், மற்றவர் கனடாப் பிரஜை, அவருடைய பங்கு 60 வீதம். கடலிலிருந்து 200 மீற்றரில் அரை ஏக்கர் காணி கிடைக்கிறது. தரகர் "பெர்மிட் காணிதான், பிரச்சினை இல்லை" என்கிறார். நீர்கொழும்பில் ஆர்-22 குளிர்வாயுவில் ஓடும் பழைய மெஷின் ஒன்றும் மலிவாக வருகிறது. எதிலிருந்து தொடங்குவது?

உறுதிப்பெட்டி:
தரகர் சொன்ன அந்த ஒரு வசனத்துக்குள்தான் பிரச்சினை முழுவதும் கிடக்கிறது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் (பெர்மிட்) காணியை, பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினால் காசு போகும், காணி வராது. வங்கியும் ஈடு பிடிக்காது. உறுதிக் காணி, அதாவது உறுதிப்பத்திரம் உள்ள தனியார் காணி, தேடுங்கள். அதிலும் பிரிபடாத பங்கு என்றால் வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை வரும்: காணியின் மற்றப் பங்குக்காரருக்கு முன்கொள்முதல் உரிமை (முதலில் வாங்கும் உரிமை) இருப்பதால் அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கவேண்டும். காணி வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் விழுகிறதா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நந்திக்கடல் பக்கமென்றால் இன்னும் கவனம். அது 2017 இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது.

60 வீதமும் உதைக்கும். 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டுப் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கொம்பனிக்குக் காணியை உரிமை மாற்றமுடியாது. 49 க்கு இறக்கி வாங்கினாலும் 20 வருடம் அப்படியே வைத்திருக்கவேண்டும். குத்தகைதான் சுலபம், 99 வருடம் வரை எடுக்கலாம். கனடாக்காரர் பணத்தை வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகவே அனுப்பவேண்டும். வங்கிக்கு வெளியே உண்டியல் முறையில் வந்த காசுக்குப் பங்கு கொடுத்தால், பிறகு இலாபத்தை வெளியே அனுப்ப வழியில்லை.

200 மீற்றர் என்பது கரையோர வலயத்துக்குள். சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 350 மீற்றரில் காணி எடுத்தால் அந்த ஒரு கோப்பு மிச்சம், உப்புக்காற்றும் கொஞ்சம் குறையும். மத்திய சுற்றாடல் அதிகார சபை, பிரதேச சபை அலுவல்கள் எப்படியும் இருக்கும்.

பிரைன்தொட்டி:
ஆர்-22 மெஷினைத் தொடாதீர்கள். மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி நம்மைப் போன்ற நாடுகளில் அந்த வாயு 2030 உடன் பெரும்பாலும் நிற்கிறது. கடற்கரையில் கொன்டென்சர் அரித்து ஒழுகுவது வழமை, நிரப்ப வாயு கிடைக்காமல் நிற்பீர்கள். அமோனியா போடுங்கள். ஆனால் செம்புக் குழாய், பித்தளை வால்வு எதுவும் கூடாது, அமோனியா அவற்றைத் தின்னும். மூக்குக்கவசமும், கையருகே தண்ணீர்க் குழாயும் இல்லாமல் ஓட்டவே கூடாது.

மின்சாரக் கணக்கு: நம் வெப்பத்தில் ஒரு தொன் கட்டி ஐசுக்கு 55 முதல் 70 யூனிட். 10 தொன் என்றால் நாளுக்கு 550–700. மோட்டார், பம்பு, நொறுக்கி, வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரம் 42 கேவிஏ எல்லையைத் தாண்டலாம். தாண்டினால் பெரிய ஆலைகளுக்கான ஐ-2 கட்டணம், மாதாமாதம் கேவிஏக்கும் தனிக் காசு. 5 தொன் என்றால் அந்த எல்லைக்குள் நிற்கலாம். மோட்டாரை மெதுவாகத் தொடக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரோ விஎஃப்டியோ போட்டால், தொடங்கும்போது மின்சாரம் உதைப்பதும் அடங்கும்.

ஐ-2 க்குப் போனால் மாலை 6.30 முதல் 10.30 வரை கொம்பிரசரை நிறுத்துங்கள், அதுதான் விலைகூடிய நேரம். பிரைன் (குளிர்ந்த உப்புநீர்) தொட்டியை மைனஸ் 10 பாகையில் வைத்து நன்றாக மூடிவிட்டால் நாலு மணித்தியாலம் தாங்கும். அப்படியென்றால் 24 மணி வேலையை 20 மணியில் முடிக்கும் கொம்பிரசர் வேண்டும்.

தண்ணீர் ஊற்றி ஐஸ் உறையவைக்கும் கேனின் தடிப்பையும் பாருங்கள். உறையும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு கூடும்: மைனஸ் 10 இல் 7 அங்குலக் கேனுக்கு ஏறத்தாழ 19 மணித்தியாலம், 5 அங்குலத்துக்கு 10 தான். மெல்லிய கேன் என்றால் அதே இயந்திரத்துக்குக் குறைந்த கேன்கள் போதும். பிரைன் அமிலமாகப் போனால் கேன் துளைவிடும், வாரம் ஒருமுறை பிஎச் பாருங்கள்.

பேலியகொடை_விடிய4மணி:
மெஷின் கதையெல்லாம் சரி, ஐசை யாருக்கு விற்கப் போகிறீர்கள்? முல்லைத்தீவில் பலநாள் படகுகள் நிற்கத் துறைமுகம் இல்லை. பைபர் போட் விடியக் கரைக்கு வரும், அது ஐஸ் ஏற்றுவதே குறைவு. வாங்குவது வாடிக்காரரும் (கரையில் மீன் வாங்குபவர்) லொறிக்காரரும்தான், பேலியகொடை மீன் சந்தைக்கு அனுப்ப. மீன் ஒரு கிலோவுக்கு ஐஸ் ஒரு கிலோ. அந்தக் கரையில் நாளுக்கு நாலு தொன் மீன் விழுந்தால், உருகுவதோடு சேர்த்து ஐந்து தொன் போதும். 10 தொன் ஆலை பாதி நாள் வெறுமனே குளிரும்.

சம்மாட்டி (மீனவருக்குக் காசு போடும் முதலாளி) முற்பணம் கொடுத்திருந்தால் மீனவர் அவருக்கே மீன் கொடுக்கவேண்டும், ஐசும் அவர் சொல்லும் இடத்தில்தான். ஆகவே மீனவரிடம் போகமுன் கூட்டுறவுச் சமாசத்தோடு பேசுங்கள். வெளியாள் கடலைப் பிடிக்க வருகிறான் என்ற பேச்சு கிளம்பினால் அடங்காது. கிளிநொச்சி கௌதாரிமுனையில் வெளியார் போட்ட கடலட்டைப் பண்ணைக்கு 2021 இல் வந்த எதிர்ப்பு ஞாபகம் இருக்கும்.

கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்று, படகு கடலில் இறங்காது. கடன் தவணையை மாசி–புரட்டாதிக்கு வைக்கச் சொல்லி வங்கியிடம் முதலிலேயே கேளுங்கள். பிறகு கேட்டால் அதற்குப் பெயர் தவணை தவறல்.

வெள்ளவத்தை_44:
அப்படியானால் 5 தொன், அமோனியா, குத்தகைக் காணி, 350 மீற்றர். முதலில் ஒரு பருவம் வவுனியாவிலிருந்து ஐஸ் வாங்கி டிப்போ மட்டும் நடத்திப் பார்க்கலாமா?

பேலியகொடை_விடிய4மணி:
நடத்துங்கள். தடித்த ரெஜிபோம் பெட்டி, நொறுக்கி, ஒரு சின்ன லொறி போதும். அன்றன்று எத்தனை கட்டி போனது என்று எழுதுங்கள், ஆலையின் அளவை அந்தக் கொப்பிதான் சொல்லும்.

பிரைன்தொட்டி:
எனக்கு டிப்போவில் நம்பிக்கை குறைவு. மாங்குளம் தாண்டி வரும் ஐசில் உருகிப்போவதே உங்கள் இலாபமாக இருக்கும். அளவு பார்க்க மட்டும் என்றால் சரி.

அந்தப் பருவத்தில் கிணற்றையும் பாருங்கள். உவர் தண்ணீரில் கட்டி இளகும், நடு வெள்ளையாகும், சீக்கிரம் உருகும். உப்பு நீக்கும் ஆர்ஓ இயந்திரம் போட்டால் பாதித் தண்ணீர் கழிவாகும்: 5 தொன் ஐசுக்கு நாளுக்கு 10 தொன் இறைக்கவேண்டும். மாரியில் மழைத்தண்ணீர் கலந்திருக்கும்போது எடுத்த மாதிரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆவணியில், இரண்டு நாள் விடாமல் இறைத்தபின் எடுத்து அனுப்புங்கள்.