ட்ராம்போலின் உச்சியில் புவியீர்ப்பு இல்லையாம், மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி: குட்டிமாவின் அப்பா
மகளுக்கு ஒன்பது வயசு. ட்ராம்போலினில் குதிக்கும்போது, "உச்சிக்குப் போனதும் எடையே இல்லப்பா, அங்க மட்டும் பூமி நம்மள இழுக்கலை" என்கிறாள். தப்பு என்று தெரிகிறது. ஆனால் விளக்கப் போனால் எனக்கே நாக்கு குழறுகிறது. சமன்பாடு இல்லாமல் சொல்ல வழி உண்டா?

பதில்: பழைய இயற்பியல் வாத்தியார்
பொண்ணு உணர்ந்தது சரிதான் சார், காரணம்தான் வேற. பூமி இழுக்கிறது நமக்குத் தெரியவே தெரியாது. தரை காலை மேலே தள்ளுதே, அதைத்தான் எடைன்னு உணர்றோம். பாதம் விரிப்பை விட்ட அந்த நொடியே தள்ள ஆள் இல்லை. அதனால ஏறும்போது, உச்சியில, இறங்கும்போது, எல்லா நேரமும் எடை தெரியாது. உச்சியில வேகம் பூஜ்யமாகிறதால அங்கே மட்டும்னு தோணுது. விரிப்பு அடியில பள்ளமா அமுங்குற இடத்துல கேளுங்க, கால் கனக்குதுன்னு அவளே சொல்வா.

வாயால சொன்னா நம்ப மாட்டா. பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்துல ஓட்டை போட்டு, தண்ணி ஊத்தி, நேரா மேலே தூக்கிப் போடுங்க. கையில இருக்கிற வரை பீய்ச்சுற தண்ணி, கையை விட்டதும் நின்னுடும். மேலே போகும்போதே நின்னுடும், அதைக் கவனிக்கச் சொல்லுங்க. ட்ராம்போலின் மேல வேண்டாம், ஈரத்துல வழுக்கும்.

பதில்: ஸ்லோமோஷன் சித்தி
வாத்தியார் சொன்னதோட இதையும் செய்யுங்க. போன்ல ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து, கால் விரிப்பை விட்டதுல இருந்து திரும்பத் தொடுற வரை நிஜ நேரம் பாருங்க (வீடியோ எத்தனை மடங்கு மெதுவா ஓடுதோ, அத்தனையால வகுத்துக்கணும்). 0.8 நொடின்னா பாதி 0.4. அதை அதாலேயே பெருக்கி, 4.9 ஆல பெருக்கினா சுமார் 0.78 மீட்டர். அவ்வளவு உயரம் குதிச்சிருக்கா! சமன்பாடு வேண்டாம்னீங்க, ஆனா தன் உயரம்னா பிள்ளைங்க கணக்கை விட மாட்டாங்க.

பதில்: சும்மா வந்தவன்
ஒரே சமயத்துல ரெண்டு பேரை ஏத்தாதீங்க. பெரியவங்க அமுக்கின விரிப்போட ஆற்றல் சின்னப் பிள்ளை காலுக்குப் போய், எதிர்பாராத உயரத்துக்குத் தூக்கி வீசிடும். இதுவும் இயற்பியல்தான், எலும்பு முறியுற இயற்பியல்.

குட்டிமாவின் அப்பா
பாட்டில் போட்டுப் பார்த்தோம், தண்ணியே வரலை. கையில நிக்கும்போதும் வரலை!

பழைய இயற்பியல் வாத்தியார்
மூடியைக் கழற்றுங்க சார். உள்ளே காத்து போகணும்ல.